விறகுக்குப் போகும் மரத்தில் வீட்டுக்கு ஒரு வேலைப்பாடு!
ஓய்வு நேரத்துக்கு ஏற்ற 'ஸ்க்ரோல் சா' மரவேலை

நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் நாடு முழுக்கப் பெயர் தெரிந்த ஊர், தேனி மாவட்டம் பொட்டிப்புரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் இந்தப் பகுதியில் வேம்பு, புளி, மா, தென்னை, இலவம் என்று வரப்பிலும் தோட்டத்திலும் மரங்களுக்குக் குறைவில்லை. பக்கத்திலுள்ள போடிநாயக்கனூர், இலவம் பஞ்சுக்கும் மாங்காய்க்கும் ஏலக்காய்ச் சந்தைக்கும் பேர்போனது.

ஆடிக்காற்றில் ஒரு வேம்பு சாய்ந்தாலோ, காய்ப்பு நின்ற மாமரத்தை வெட்டினாலோ என்ன நடக்கிறது? அடிமரம் மட்டும் அறுவை மில்லுக்குப் போகிறது. ஓரடி, ஒன்றரை அடி நீளக் கட்டைகளும், கையளவு பருமனுள்ள கிளைகளும் எடைபோட்டு விறகாகக் கழிகின்றன. இருபது, முப்பது ஆண்டுகள் வளர்ந்த மரத்துக்குக் கிடைப்பது அடுப்புக்கட்டையின் விலைதான். அந்தச் சிறு கட்டைகளே போதும் என்று சொல்லும் ஒரு மரவேலை இருக்கிறது. அதுதான் 'ஸ்க்ரோல் சா' வேலை. சாவி மாட்டும் பலகை, பெயர்ப்பலகை, சாமி படச் சட்டம், குழந்தைகளுக்கான துண்டுப் புதிர் என்று பலவற்றை இதில் செய்யலாம். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட நாள்களில் திண்ணையில் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை இது.

தையல் மிஷினுக்குத் தம்பி!

ஸ்க்ரோல் சா என்பது மேசைமேல் வைக்கும் சிறிய ரம்ப இயந்திரம். ஏறத்தாழ 5 அங்குல நீளமுள்ள, தடித்த நூல் போன்ற மெல்லிய பிளேடு செங்குத்தாக நின்று, தையல் ஊசியைப் போல மேலும் கீழும் ஓடும். பலகையைக் கையால் நகர்த்தித் திருப்பினால், பென்சில் கோட்டின் மேலேயே ரம்பம் போகும். தையல் பழகிய பெண்களுக்கு இந்த வேலை சீக்கிரம் கைவரும். ஊசிக்கு முன்னால் துணியைத் திருப்பும் அதே பக்குவம்தான் இங்கும் தேவை.

வட்ட ரம்பத்தில் நேராகத்தான் அறுக்க முடியும். ஸ்க்ரோல் சாவில் மயிலின் கொண்டையையும் மாவிலையின் நரம்பையும்கூட அறுத்தெடுக்கலாம். பலகையின் நடுவில் ஓட்டை விழ வேண்டும் என்றால், முதலில் டிரில்லரால் சிறு துளை போட வேண்டும். பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, அந்தத் துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி அறுக்க வேண்டும். கோயில் கதவு, பழைய வீட்டுச் சாளரம் ஆகியவற்றில் பார்க்கும் ஊடுவேலையை இப்படித்தான் சிறிய அளவில் செய்கிறார்கள்.

மின்சாரச் செலவும் குறைவு. வீட்டு உபயோக இயந்திரங்கள் பலவற்றில் 100 வாட் அளவிலான மோட்டார்தான் இருக்கும். அப்படியானால் 10 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். ஆனால், ஒரு விஷயத்தில் கவனம் தேவை. பம்ப்செட்டுக்கான இலவச மின் இணைப்பில் இதை ஓட்டக் கூடாது. வேறு பயன்பாட்டுக்கு எடுத்தால் அபராதம் வரும். வீட்டு இணைப்பில் மட்டுமே ஓட்ட வேண்டும்.

வரைபடத்தை அறுத்தவர்

இந்த மெல்லிய ரம்பத்துக்குப் பின்னால் நல்ல கதை ஒன்று உண்டு. 1760-களில் லண்டனில் வரைபடம் அச்சிட்டு வந்த ஜான் ஸ்பில்ஸ்பரி, மெல்லிய மரப்பலகையில் நாட்டு வரைபடத்தை ஒட்டி, எல்லைக்கோடுகளின் வழியாகத் துண்டு துண்டாக அறுத்து விற்றார். துண்டுகளைச் சேர்த்துப் பிள்ளைகள் புவியியல் படிப்பதற்காகச் செய்த பொருள் அது. இன்றைக்குக் கடைகளில் அட்டையில் கிடைக்கும் 'ஜிக்சா' புதிருக்கு அதுதான் மூலம்.

மின்சாரம் வருவதற்கு முன்பே இந்த இயந்திரம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தையல் மிஷின்போலக் காலால் மிதித்து ஓட்டும் ஸ்க்ரோல் சாக்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. இன்று அங்கும் ஐரோப்பாவிலும் பணி ஓய்வு பெற்றவர்கள் பலருக்கு இதுதான் பொழுதுபோக்கு. தான் வரைந்த மாதிரிப் படத்தை அடுத்தவருக்குக் கொடுப்பது, புதியவர் கேட்கும் சின்னச் சந்தேகத்துக்கும் பொறுமையாகப் பதில் சொல்வது என்று, தொழில் ரகசியம் பார்க்காத பழக்கம் இந்த வட்டாரத்தில் நிலைத்திருக்கிறது.

நம் பக்கத்துக்கும் இது புதிதல்ல. மைசூரு தோதகத்தி மரப் பதிப்பு வேலையில், யானை, மரம், மனித உருவம் என ஒவ்வொரு வடிவத்தையும் வெவ்வேறு நிற மரத்தில் கையால் பிடிக்கும் மெல்லிய 'ஃப்ரெட் சா' ரம்பத்தால் அறுத்து, தோதகத்திப் பலகையில் குழித்துப் பதிக்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கே உளிதான் பிரதானம் என்றாலும், சிற்பத்துக்கு வாகை, மா, வேம்பு போன்ற மரங்களும் பயன்படுகின்றன. கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகளும் ஆந்திராவின் ஏட்டிகொப்பாக்கா பொம்மைகளும் வெட்பாலை மரத்தில் கடையப்படுபவை. தோல் நோய்த் தைலத்துக்கு இலை பறிக்கும் அதே வெட்பாலைதான். வரப்பு மரம், வேலி மரம் என்று ஒதுக்குபவற்றுக்கும் கைவேலையில் மதிப்பு உண்டு என்பதற்கு இவை சாட்சி.

எந்த மரம் ஏற்றது?

குமிழ்: வெளிர் நிறம், லேசான எடை, காய்ந்தபின் அதிகம் வளையாது. புதிதாகப் பழகுபவர்களுக்கு முதல் தேர்வு.

பலா: வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகும் மரம். மஞ்சள் நிறம் நாளாக நாளாகப் பழுப்பேறும். வழவழப்பாக அறுபடும்.

வேம்பு: எளிதில் பூச்சி அண்டாது. ரேகை பின்னிப்பின்னி ஓடுவதால் மெதுவாகத் தள்ள வேண்டும்.

பூவரசு: வைரப்பகுதி கரும்பழுப்பாக அழகாக இருக்கும். ஒரே பலகையில் வெள்ளையும் வைரமும் சேர்ந்து வந்தால், அதையே வேலைப்பாட்டுக்குப் பயன்படுத்தலாம்.

மா: எளிதில் கிடைக்கும், நன்றாக அறுபடும். ஆனால், துளைக்கும் வண்டு சீக்கிரம் வரும்.

மலைவேம்பு, மஹோகனி: தோப்பில் கலைத்துவிடும் இளமரங்களை இதற்குப் பயன்படுத்தலாம்.

இலவம்: மிகவும் மிருதுவானது. அறுத்த விளிம்பில் பஞ்சுபோல நார் எழும்பும். கை பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

புளி கடும் இறுக்கம். கறிக்கடைக் கட்டைக்குத்தான் அது பொருத்தம். தென்னை, பிளேடைச் சீக்கிரம் மழுக்கும். முருங்கை எதற்கும் ஆகாது. அரளி, எட்டி இரண்டும் நச்சு மரங்கள். அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

மரம் வீட்டில் இல்லாதவர்கள், உடைந்த கட்டில், பழைய கதவு, பழக்கடையில் கழிக்கும் மரப்பெட்டி ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது அவசியம். வெளிநாட்டுச் சரக்குடன் வரும் மரத்தட்டுகளில் ஆங்கில எழுத்தில் முத்திரை இருக்கும். 'ஹெச்.டி.' என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு நச்சுவாயு கொடுத்தது. பின்னதைத் தொடக் கூடாது.

காய வைப்பதில்தான் சூட்சுமம்

இந்த வேலையில் பலரும் சறுக்குவது ஈர மரத்தில்தான். பச்சை மரத்தில் அறுத்த பொருள் பத்தே நாளில் வளையும், வெடிக்கும். காற்றில் காய வைத்தால் 1 அங்குலக் கனப் பலகைக்குச் சுமார் ஓராண்டு ஆகும் என்பது பொதுக்கணக்கு. அரை அங்குலப் பலகை அதைவிட வெகு சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் மில்லில் அறுக்கும்போதே அரை அங்குலம், முக்கால் அங்குலமாகக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

பலகைகளின் இரு வெட்டு முனைகளிலும் மெழுகோ, பழைய பெயின்ட்டோ பூச வேண்டும். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் அங்கே வெடிப்பு விழுகிறது. ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் அடுக்கி, மேலே கல் பாரம் ஏற்ற வேண்டும். வெயிலில் போட்டால் வளைந்துவிடும்.

காய்ந்துவிட்டதா என்று அறிய மீட்டர் தேவையில்லை. ஒரு பலகையில் அடையாளம் போட்டு, வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வர வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால், அந்தப் பலகை வேலைக்குத் தயார்.

மா, இலவம் போன்றவற்றில் வண்டு துளைப்பதற்குக் காரணம், வெள்ளைப் பகுதியில் தங்கும் மாவுச்சத்து. அந்தக் காலத்தில் கட்டைகளைக் குளத்து நீரில் பல வாரம் ஊறப்போட்டு எடுத்ததற்குக் காரணமும் இதுதான். மாவுச்சத்து கரைந்துபோனால் வண்டுக்கு அங்கே வேலையில்லை.

முதல் வேலை: தேனி மாவட்டப் புதிர்

ஸ்பில்ஸ்பரியின் வழியிலேயே தொடங்கலாம். தேனி மாவட்டத்தில் தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, உத்தமபாளையம், போடிநாயக்கனூர் என்று 5 வட்டங்கள். ஆக, 5 துண்டுகள் கொண்ட புதிர். பிள்ளைகளுக்குப் பாடமாகவும் இருக்கும், புதியவருக்குப் பயிற்சியாகவும் இருக்கும்.

1. வட்ட எல்லைகள் உள்ள மாவட்ட வரைபடத்தைக் கையகல அளவில் பிரதி எடுத்துக்கொள்ளவும்.

2. அரை அங்குலப் பலகையை இழைத்து, உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்தவும். மேலே அகலமான பேக்கிங் டேப்பை ஒட்டி, அதன்மேல் வரைபடத்தைப் பசையால் ஒட்டவும். டேப் இருந்தால் பிளேடு சூடாகி மரம் கருகுவது குறையும். வேலை முடிந்ததும் தாளும் சுலபமாக உரிந்து வரும்.

3. 5-ம் எண் பிளேடை, பற்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டவும். சுண்டினால் தந்திபோல 'டிங்' என்று ஒலிக்க வேண்டும். தொளதொளப்பாக இருந்தால் கோடு விலகும், பிளேடும் முறியும்.

4. முதலில் வெளி எல்லை, பிறகு உள்ளே உள்ள வட்ட எல்லைகள். பலகையை மேசையோடு அழுத்திப் பிடித்து, மெதுவாகத் தள்ளவும். பிளேடு தன் வேகத்தில் அறுக்கட்டும். அவசரப்பட்டு அழுத்தினால் பிளேடு வில்போல வளைந்து, மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவுமாக வந்துவிடும்.

5. நேராகத் தள்ளியும் ரம்பம் ஒரு பக்கமாக இழுக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இந்த வகைப் பிளேடுகள் பலவற்றின் இயல்பு அது. பலகையைச் சற்றே சாய்த்துத் தள்ளிப் பழகினால் சரியாகிவிடும்.

6. விளிம்புகளை 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, தேன்மெழுகு பூசித் துணியால் துடைக்கவும்.

பிளேடு தேயும் பொருள். அறுபடும் இடத்தில் புகை வாசனை வந்தாலோ, தள்ளுவதற்குக் கூடுதல் பலம் தேவைப்பட்டாலோ உடனே மாற்றிவிட வேண்டும். கால் அங்குலப் பலகைக்கு 3-ம் எண், அரை முதல் முக்கால் அங்குலத்துக்கு 5-ம் எண், அதற்கு மேல் 7 அல்லது 9 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

விரலைவிட நுரையீரலுக்கே ஆபத்து

வட்ட ரம்பத்தைப் போலக் கட்டையைத் தூக்கி எறியும் ஆபத்து இதில் இல்லை. அதற்காக விரலை பிளேடுக்கு நேராக வைக்கக் கூடாது. முந்தானை, துப்பட்டா, தொங்கும் தலைமுடி, கண்ணாடி வளையல் எதுவும் இயந்திரத்தின் அருகே வரக் கூடாது. கண்ணாடி அணிவது, எர்த் இணைப்பு உள்ள பிளக்கைப் பயன்படுத்துவது, பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவது ஆகிய மூன்றும் கட்டாயம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, தூசு. மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. வேம்பு, தேக்கு, மா ஆகியவற்றின் தூசு சிலருக்கு அரிப்பையும் தும்மலையும் கொடுக்கும். மூக்கைத் துண்டால் கட்டினால் போதாது. என்-95 முகக்கவசம் வேண்டும். காற்று முதுகுப்பக்கம் வரும்படி திண்ணையிலோ, களத்திலோ உட்கார வேண்டும். சமைக்கும் இடத்திலும் குழந்தை தூங்கும் அறையிலும் இந்த வேலை கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

வருமானம் வருமா?

உதாரணக் கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். ஒரு சாவிப் பலகைக்கு மரம் 40 ரூபாய், இரண்டு பிளேடு 40 ரூபாய், உப்புத்தாள், மெழுகு 20 ரூபாய் என்றால் செலவு 100 ரூபாய். 250 ரூபாய்க்கு விற்றால் மிச்சம் 150 ரூபாய். வேலை நேரம் 3 மணி என்றால், மணிக்கு 50 ரூபாய்தான் நிற்கும். ஊரில் கிடைக்கும் கூலியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று மெல்லிய பலகைகளை டேப்பால் சேர்த்து ஒட்டி ஒரே முறையில் அறுத்தால் கணக்கு மாறும். மரம் 120, பிளேடு 60, மற்றவை 60 என 240 ரூபாய் செலவு. மூன்றும் 750 ரூபாய்க்குப் போனால் மிச்சம் 510 ரூபாய். நேரம் 5 மணி. மணிக்கு 100 ரூபாய்க்குச் சற்று மேல். இந்தக் கணக்கில் இயந்திரத்தின் விலையும், விற்காமல் தங்கும் பொருளும் சேரவில்லை. இதில் வருமானம் என்பது, பொருள் விற்றால் மட்டுமே. விவசாயத்துக்கு மாற்றாக இதை நினைத்து வட்டிக்கு வாங்கி இயந்திரம் போடுவது தவறு.

சரியான வழி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கை ஃப்ரெட் சாவில் இரண்டு மாதம் பழகுவது. கை நின்று, நாலு பேர் கேட்டு வாங்க ஆரம்பித்தால், பிறகு இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். நாலு வீட்டார் அல்லது ஒரு மகளிர் சுய உதவிக்குழு சேர்ந்து ஒரே இயந்திரம் வாங்கி, நாள் பிரித்துக்கொண்டால் சுமை இன்னும் குறையும்.

தொழிலாகவே செய்ய விரும்புபவர்களுக்கு, தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய 'கலைஞர் கைவினைத் திட்டம்' உள்ளது. 35 வயது நிறைந்த கைவினைஞர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவிகிதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் இத்திட்டத்தில் அறிவிக்கப்பட்டன. எந்தெந்த மரவேலைகள் இதில் சேரும், இப்போதைய விதி என்ன என்பதைத் தேனி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டு விண்ணப்பிக்கலாம்.

கேள்வியும் பதிலும்

கேள்வி: குழந்தைகளுக்கான மரப் பொம்மை செய்து கடைக்குக் கொடுக்கலாமா?

பதில்: 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளை ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன்தான் விற்க வேண்டும் என்ற ஆணை நடைமுறையில் உள்ளது. மத்திய அரசின் கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே பதிவு செய்யாதவர்கள், விற்பனைக்குப் பெயர்ப்பலகை, சாவிப் பலகை, சுவர் அலங்காரம் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாயில் போகும் அளவுக்குச் சிறிய துண்டு எதையும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: மலையடிவாரத்தில் விழுந்து கிடக்கும் காய்ந்த மரத்தை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: காப்புக்காட்டுக்குள் என்றால், விழுந்த மரத்தையும் எடுக்கக் கூடாது. வழக்கு வரும். பட்டா நிலத்திலேயே இருந்தாலும் சந்தன மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. மற்ற மரங்களை வெட்டி ஊர் விட்டு ஊர் கொண்டுபோவதற்கு முன்பும் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

கேள்வி: சேரும் மரத்தூளை எருவாகப் போடலாமா?

பதில்: நேரடியாக மண்ணில் போட்டால், தூள் மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். சாணம், பச்சை இலைதழையோடு கலந்து குழியில் நன்றாக மட்கிய பிறகு போடலாம். பிளைவுட் தூளில் பசை இருப்பதால், அதை எருக்குழியில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: பிள்ளைகளை இதில் பழக்கலாமா?

பதில்: ஓரளவு வளர்ந்த பிள்ளைகளைப் பெரியவர்கள் அருகில் இருந்து கை ஃப்ரெட் சாவில் பழக்கலாம். மின் இயந்திரத்தில் தனியாக விடக் கூடாது. படம் வரைவது, உப்புத்தாள் தேய்ப்பது, மெழுகு பூசுவது ஆகியவற்றைச் சின்னப் பிள்ளைகளே செய்யலாம்.

கேள்வி: தச்சு வேலை தெரியாதவர்கள் எங்கே கற்றுக்கொள்வது?

பதில்: முதல் பள்ளிக்கூடம் ஊர் ஆசாரியின் பட்டறைதான். ரெடிமேட் கதவும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்த பிறகு வேலை குறைந்துபோன ஆசாரிகள் பல ஊர்களில் இருக்கிறார்கள். எந்த மரம் எப்படிக் காயும், ரேகை எந்தப் பக்கம் ஓடும், எந்தக் கட்டையில் வைரம் பாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தொட்டாலே தெரியும். அவர்களிடம் இரண்டு நாள் உட்கார்ந்து, அதற்குரிய கூலியையும் கொடுத்துக் கற்றுக்கொண்டால், பல மாதத் தடுமாற்றம் மிச்சமாகும். மரத்தைப் பற்றிய பாடத்தோடு மரம் பற்றிய அறிவுரைக்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியையும், கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தையும் அணுகலாம்.

அடுத்த முறை தோட்டத்தில் ஒரு மரம் சாயும்போது, விறகு வண்டி வருவதற்கு முன் நல்ல கட்டைகள் நாலைந்தைப் பொறுக்கி, முனையில் மெழுகு பூசி, தேதி எழுதி நிழலில் அடுக்கி வைத்தால் போதும். ரம்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காய வேண்டிய மரம் அதுவரை காய்ந்துகொண்டிருக்கும்.